எக்காளம் ஒலித்த இல்லம்

இசை எங்கே பிறக்கின்றது? அரண்மனையில் என்பர் சிலர். ஆலயத்தில் என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையே. தஞ்சை மன்னர்களின் அவையும் சோழ நாட்டுக் கோயில்களும் நம் இசைக்கு வளமான விளைநிலங்களாக விளங்கின. ஆயினும், மூன்றாவதாக ஓர் இடமும் உண்டு. மூட்டை சுமக்கும் தோள்களும், வலை இழுக்கும் கைகளும், கரி படிந்த முகங்களும் நிறைந்த துறைமுகத் தெருக்களே அவ்விடம். கடல் கடந்து வந்த பல நாட்டு ஒலிகள் அங்கே ஒன்றோடொன்று கலக்கின்றன. பகலெல்லாம் உழைத்தவரின் உள்ளம் இரவில் பாட்டாகக் கனிகின்றது. அத்தகைய தெருவொன்றில் பிறந்து உலகையே தன்வயப்படுத்திய ஓர் இசையைப் பற்றியும், அந்த இசையை வளர்த்த ஒருவரின் நினைவைப் போற்றிக் காக்கும் ஓர் இல்லத்தைப் பற்றியும் இங்கே கூற விழைகின்றேன்.

நானும் துறைமுகத் தெருவில் பிறந்தவனே. வடசென்னையில் ராயபுரத்தைச் சார்ந்த கல்மண்டபம் என் ஊர். சிறிது தூரம் நடந்தால் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை அடையலாம். தெற்கே சென்னைத் துறைமுகம். அதன் அருகில் 1856ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ராயபுரம் புகைவண்டி நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணியர் புகைவண்டி அந்நிலையத்திலிருந்துதான் புறப்பட்டது. கப்பலின் ஊதொலியும், வண்டியின் கூவலும், மீன் ஏலம் விடுவோரின் குரலும் எங்களுக்குத் தாலாட்டாக அமைந்தன. என் தந்தையார் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் தொழிலாளி. அவர் தலையில் படிந்த கரித்தூள் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் படிந்தது. கொடியில் உலர்ந்த வேட்டியிலும் படிந்தது. 2011ஆம் ஆண்டில் நீதிமன்ற ஆணையினால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்ற பின்னரே அத்தூள் எங்கள் தெருக்களை விட்டு அகன்றது.

எங்கள் பகுதியில் வழங்கும் பாட்டிற்குக் கானா என்று பெயர். அதற்கு மேடை வேண்டுவதில்லை. விலையுயர்ந்த கருவியும் வேண்டுவதில்லை. தகர டப்பாவோ மரப்பலகையோ இருந்தால் தாளத்திற்குப் போதும். துக்கம் நேர்ந்த வீட்டில் இரவு முழுவதும் கானா பாடுவது வழக்கம். இறந்தவரின் தொழிலும் குணமும் அவர் பட்ட துன்பமும் பாட்டில் இடம்பெறும். பாடுவோர் ஏடு பார்த்துப் பாடுவதில்லை. அந்த இடத்தில், அந்த நேரத்தில், எதிரே இருப்போரின் முகத்தைப் பார்த்துச் சொற்களைத் தொடுப்பர்.

என் தந்தையார் மறைந்த இரவில், மீன்பாடி வண்டி ஓட்டும் முதியவர் ஒருவர் வந்து பாடினார். கரிக்கூடை சுமந்த தலையைப் பற்றிப் பாடினார். கூலி குறைந்த நாளில் தாம் உண்ணாமல் பிள்ளைகளுக்கு உணவு கொடுத்ததைப் பற்றிப் பாடினார். தந்தையாரின் குறும்பும் அப்பாட்டில் இருந்தமையால், அழுதுகொண்டிருந்தோர் இடையிடையே சிரிக்கவும் செய்தனர். விடியும்பொழுது எங்கள் துயரம் சுமக்கக்கூடிய அளவிற்குக் குறைந்திருந்தது. அப்பாட்டு எழுத்தில் ஏறவில்லை, ஒலிநாடாவிலும் பதியப்படவில்லை. அதில் இரண்டு அடிகள் மட்டும் என் தாயாரின் நினைவில் நின்றன. தாயார் மறைந்தபொழுது அவையும் மறைந்தன. படித்தவர்களுள் பலர் அந்நாளில் கானாவைப் பாட்டு என்றே கருதியதில்லை. கருதாத ஒன்றைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் எவ்வாறு தோன்றும்?

என் மகள் நியூயார்க் நகரில் பணியாற்றுகின்றாள். 2024ஆம் ஆண்டில் அவளைக் காண்பதற்காகச் சென்றிருந்தேன். ஒரு நாள் காலை, "அப்பா, வானளாவிய கட்டடங்களைப் பார்த்தது போதும். இன்று உங்களுக்கு ஏற்ற ஒரு வீட்டைக் காட்டுகிறேன், வாருங்கள்" என்று அழைத்தாள். நகரின் நடுப்பகுதியிலிருந்து ஏழாம் எண் இரயிலில் ஏறினோம். அந்த இரயில் ஆற்றின் அடியில் நுழைந்து குயின்ஸ் பகுதியில் மேலெழுந்தது. வீடுகளின் கூரைக்கு இணையாக உயர்ந்த பாலத்தின்மீது ஓடியது. கொரோனா என்னும் பகுதியில் இறங்கினோம். நோயின் பெயராக நாம் அறிந்த அச்சொல்லுக்கு மணிமுடி என்பதே பொருள். அங்கு வாழ்வோருள் பெரும்பாலோர் இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து குடியேறிய உழைப்பாளர்கள். தெருவோரத்தில் பழங்களைக் கூறுகட்டி விற்றுக்கொண்டிருந்தனர். மொழி வேறு, முகம் வேறு. எனினும் எங்கள் கல்மண்டபத்துக் கடைத்தெருவில் நடப்பது போன்றே எனக்குத் தோன்றியது.

நூற்றேழாம் தெருவில், ஒன்றையொன்று ஒட்டினாற்போல் நின்ற எளிய வீடுகளுக்கு நடுவே, செங்கல் முகப்புடைய ஒரு வீட்டின் முன் என் மகள் நின்றாள். "இதுதான் லூயி ஆம்ஸ்ட்ராங் வாழ்ந்த வீடு" என்றாள்.

லூயி ஆம்ஸ்ட்ராங் ஜாஸ் இசையின் பெருங்கலைஞர். ட்ரம்பெட் என்னும் ஊதுகருவியை வாசிப்பதில் ஈடிணையற்றவர். நம் எக்காளத்தைப் போன்று பித்தளையால் ஆன கருவி அது. திருமண ஊர்வலங்களில் பேண்டு வாத்தியக்காரர்கள் அதனை வாசிப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவருடைய மனைவி லூசில் இந்த வீட்டை 1943ஆம் ஆண்டில் வாங்கினார். அப்பொழுது ஆம்ஸ்ட்ராங் ஊர் ஊராகச் சென்று இசை நிகழ்த்திக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் விடுதிகளில் தங்கிப் பழகிய அவர், தமக்கென்று ஒரு வீடு அமைந்ததை நம்பவே இல்லையாம். வாடகைக் காரில் வந்து இறங்கியவர், முகவரி தவறாக இருக்குமோ என்று ஐயுற்று, கார் ஓட்டியைச் சற்றுக் காத்திருக்கச் சொல்லிவிட்டே கதவைத் தட்டினாராம். அன்று முதல் 1971ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் உறக்கத்திலேயே உயிர் நீத்த வரையில், ஏறத்தாழ 28 ஆண்டுகள், அதுவே அவர் இல்லமாக இருந்தது. லூசில் அம்மையார் 1983ஆம் ஆண்டில் மறைந்தார். அவ்வீடு நகரத்தாருக்கு உரியதாகி, 2003ஆம் ஆண்டில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

அருங்காட்சியகம் என்றவுடன் கண்ணாடிப் பேழைகளையும், 'தொடாதீர்' என்னும் அறிவிப்புகளையும் நாம் நினைப்போம். இங்கோ, ஒருவர் வீட்டிற்கு விருந்தினராகச் சென்றது போன்ற உணர்வே ஏற்பட்டது. நீலநிறம் மின்னும் சமையலறையில் கணவன் மனைவி இருவரின் பெயரையும் பொறித்துச் செய்த அடுப்பு இருக்கின்றது. குளியலறைச் சுவர்கள் முழுவதும் கண்ணாடிகள். குழாய்கள் பொன்முலாம் பூசப்பெற்றவை. வறுமையில் பிறந்த ஒருவருக்கு மனைவி அன்போடு அமைத்துக் கொடுத்த செல்வம் அது. ஆயினும் அவர் வாழ்ந்தது அந்த எளிய தெருவில்தான். மாளிகைகள் நிறைந்த இடத்திற்குக் குடிபெயரும் அளவிற்குப் பொருள் இருந்தும் அவர் பெயரவில்லை. மாலையில் வாயிற்படியில் அமர்ந்து அக்கம்பக்கத்துக் குழந்தைகளோடு பேசி மகிழ்வார். வீட்டு முகப்பைச் செங்கல்லால் அழகுபடுத்தியபொழுது, தம் வீடு மட்டும் உயர்ந்து தோன்றலாகாது என்று எண்ணி, அண்டை வீடுகளுக்கும் தம் செலவிலேயே அவ்வாறு செய்து தர முன்வந்தார் என்று வழிகாட்டியாக வந்த இளைஞர் கூறினார். புகழ் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிக்கும் சுவராகலாம். அவர் அதனைச் சுவராக்கவில்லை.

மாடியில் ஒரு சிறிய அறை. அதுவே அவர் தனித்திருந்து எழுதிய இடம். கேட்டு மகிழ்ந்த இடம். சுவரில் ஒலிப்பதிவுக் கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. வழிகாட்டி ஒரு பொத்தானை அழுத்தினார். அரைத்த மணலைப் போன்று கரகரத்த, ஆனால் அன்பு ததும்பிய ஒரு குரல் அறையை நிரப்பியது. ஆம்ஸ்ட்ராங்கே எங்களோடு பேசினார்! தம் வாழ்வின் ஒலிகளை அவர் தாமே பதிவு செய்து வந்திருக்கின்றார். நண்பர்களோடு உரையாடியது, வீட்டில் நிகழ்ந்த வேடிக்கைப் பேச்சு, இளமையில் தாம் பதிவு செய்த இசைத்தட்டு ஒலிக்க அதனோடு முதுமையில் தாமே சேர்ந்து வாசித்தது ஆகிய அனைத்தும் 700 அளவிலான ஒலிநாடாக்களில் உள்ளன. அவற்றின் அட்டைப் பெட்டிகளைப் படங்கள் வெட்டி ஒட்டித் தம் கையாலேயே அழகு செய்திருக்கின்றார். அந்த அறையில் நின்றபொழுது, என் தாயாரோடு மறைந்த இரண்டு அடிகள் என் நெஞ்சில் வந்து நின்றன. ஒருவர் வாழ்வின் சிரிப்பொலிகூட இங்கே காக்கப்பட்டிருக்கின்றது. எங்கள் தெருவிலோ ஒரு வாழ்நாள் முழுவதையும் பாடிய பாட்டு காற்றோடு போயிற்று.

அந்த இளைஞர் ஆம்ஸ்ட்ராங்கின் இளமையைப் பற்றிக் கூறத் தொடங்கினார். அதனைக் கேட்கக் கேட்க என் வியப்பு வளர்ந்தது. மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த நியூ ஆர்லியன்ஸ் என்னும் துறைமுக நகரில், 1901ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் அவர் பிறந்தார். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல் அவர். அவ்வூரின் மிக வறிய பகுதியில் வாழ்ந்த அச்சிறுவன், லித்துவேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம் ஒன்றிற்கு உதவியாளனாகச் சேர்ந்தான். பழம்பொருள் வாங்கும் வண்டியில் அமர்ந்து, மக்களை அழைப்பதற்காகத் தகர ஊதலை ஊதுவதும், நிலக்கரி வண்டியில் சென்று வீடு வீடாகக் கரி விற்பதும் அவன் வேலை. அடகுக் கடையில் 5 டாலர் விலையில் கிடந்த கார்னெட் என்னும் ஊதுகருவியை வாங்குவதற்கு அக்குடும்பத்தாரே துணை செய்தனர். தாம் கரி விற்ற நாள்களை அவர் பிற்காலத்தில் மறைக்கவில்லை. கரிவண்டியின் பெயரையே தாங்கிய பாட்டொன்றை 1925ஆம் ஆண்டில் இசைத்தட்டில் பதிவு செய்தார். கரி சுமந்தவரின் மகனாகிய எனக்கு இச்செய்தி அளித்த பெருமிதத்தை என்னென்பேன்!

1912ஆம் ஆண்டின் கடைசி நாள் இரவில், புத்தாண்டைக் கொண்டாடும் எண்ணத்தோடு அச்சிறுவன் வானை நோக்கித் துப்பாக்கியால் சுட்டான். அதற்காகச் சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் அடைக்கப்பட்டான். அங்கே பீட்டர் டேவிஸ் என்னும் ஆசிரியர் அவனுக்கு முறையாக ஊதக் கற்பித்தார். அவ்வில்லத்தின் இசைக்குழுவிற்கே அவன் தலைவன் ஆனான். தண்டனை தரும் இடத்திலும் ஒரு நல்லாசிரியர் இருந்தமையால் ஒரு கலைஞன் உருவானான். 1922ஆம் ஆண்டில் ஜோ ஆலிவர் என்னும் முன்னோடிக் கலைஞர் அழைக்க, ஆம்ஸ்ட்ராங் சிகாகோ நகரம் சென்றார். 1925ஆம் ஆண்டு முதல் 1928ஆம் ஆண்டு வரையில் சிறு குழுவினரோடு அவர் பதிவு செய்த இசைத்தட்டுகள் ஜாஸ் இசையின் போக்கையே மாற்றின.

அந்த மாற்றம் யாது? நியூ ஆர்லியன்ஸ் நகரில் தொடக்கத்தில் கலைஞர்கள் அனைவரும் ஒருசேர வாசித்து, ஒருவர் இசையோடு மற்றவர் இசையைப் பின்னிச் செல்வர். ஆம்ஸ்ட்ராங்கோ, ஒரு கலைஞர் தனித்து நின்று, தம் கற்பனையை விரித்து, ஒரு கதை கூறுவதுபோல் வாசிக்கும் முறையை உயர்த்திக் காட்டினார். இது நமக்குப் புதியதன்று. இராக ஆலாபனையிலும் கற்பனைச் சுரத்திலும் பாடுவோர் தம் மனோதர்மத்தைக் காட்டுவர் அல்லவா? நாம் ஓர் இராகத்தின் எல்லைக்குள் கற்பனை செய்கின்றோம். ஜாஸ் கலைஞர்கள், பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் சுரக்கூட்டுகளின் வரிசையைப் பற்றிக்கொண்டு கற்பனை செய்கின்றனர். தாளத்தின் தட்டுக்கு முன்னோ பின்னோ ஒலியை எடுத்துக் கேட்போரைத் துள்ளச் செய்வதும் அவர்கள் வழக்கம். நம் இசையிலும் அதீத எடுப்பு, அனாகத எடுப்பு என்பவை உண்டு. இவ்விலக்கணம் எதனையும் அறியாத எங்கள் கானாப் பாடகரும், தகர டப்பாவின் தாளத்தைச் சற்றே தாமதித்துப் பிடித்து எங்களைத் தலையசைக்க வைத்தார்.

கலைஞர் தம் கலையோடு நின்றுவிடலாமா? இக்கேள்விக்கு ஆம்ஸ்ட்ராங் 1957ஆம் ஆண்டில் விடை கூறினார். அவ்வாண்டில் லிட்டில் ராக் என்னும் நகரில், கறுப்பின மாணவர் ஒன்பதின்மர் வெள்ளையர் பயிலும் உயர்நிலைப் பள்ளியில் சேர முயன்றபொழுது, மாநில ஆளுநர் படைவீரரை நிறுத்தி அவர்களைத் தடுத்தார். அமெரிக்க அரசின் சார்பில் சோவியத் நாட்டிற்கு இசைத் தூதராகச் செல்ல இருந்த ஆம்ஸ்ட்ராங், அப்பயணத்தைக் கைவிட்டு, அரசின் போக்கை வெளிப்படையாகக் கண்டித்தார். எப்பொழுதும் சிரித்த முகத்தோடு காணப்பட்டவர் அவர். பள்ளி வாயிலில் பிள்ளைகள் தடுக்கப்பட்டபொழுது அச்சிரிப்பு மறைந்தது. அவர் பிறந்த மாநிலத்திலோ, இரு இனத்தாரும் ஒரே மேடையில் சேர்ந்து இசைப்பதைத் தடுத்து 1956ஆம் ஆண்டில் சட்டம் செய்தனர். அந்நிலை மாறி, 1965ஆம் ஆண்டில்தான் அவர் தம் பிறந்த நகரில் மீண்டும் வாசித்தார்.

வீட்டின் எதிரே, 2023ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற புதிய கட்டடம் ஒன்று நிற்கின்றது. அவருடைய ஒலிநாடாக்கள், கடிதங்கள், படங்கள் முதலான 60,000 அளவிலான பொருள்கள் அங்கே பேணப்படுகின்றன. அங்கே அமர்ந்திருந்தபொழுது, "இந்த இசை நம் சென்னைக்கும் வந்திருக்கின்றது, தெரியுமா?" என்று என் மகளிடம் கூறினேன். 1958ஆம் ஆண்டில் டேவ் புரூபெக் என்பாரின் குழுவும், 1963ஆம் ஆண்டில் டியூக் எல்லிங்டன் என்பாரின் பெருங்குழுவும் சென்னைக்கு வந்து ஜாஸ் இசை நிகழ்த்தின. அதற்கும் நெடுங்காலம் முன்பே மேனாட்டு இசை வடசென்னையின் காதில் விழுந்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், திருவொற்றியூரை அடுத்த மணலியில் முத்துசாமி தீட்சிதரின் குடும்பம் தங்கியிருந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்ட தீட்சிதர், அம்மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். அவை நோட்டுசுர சாகித்தியங்கள் எனப்பெறும். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலின் கற்று, அதனை நம் இசைக்குரிய கருவியாக்கினார். துறைமுகத்தின் வழியே வந்த அயல் ஒலியை அஞ்சி ஒதுக்காமல், அதனைத் தமதாக்கிக்கொண்ட பெருமை நம் முன்னோருக்கும் உண்டு.

நியூ ஆர்லியன்ஸ் நகரில் இன்றும் வழங்கும் ஒரு வழக்கத்தைக் கேட்டபொழுது நான் மெய்சிலிர்த்தேன். இறந்தவரை இடுகாட்டிற்குக் கொண்டு செல்லும்பொழுது, பித்தளைக் கருவிகள் ஏந்திய குழுவினர் மெதுவாக, சோகம் ததும்ப வாசித்துச் செல்வர். அடக்கம் முடிந்து திரும்பும்பொழுதோ, அதே கருவிகள் துள்ளலிசையை முழங்கும். உடன் வருவோர் ஆடிக்கொண்டே நடப்பர். சாவின் முன்னும் வாழ்வைப் பாடும் துணிவு அது. அதே துணிவை என் தந்தையார் மறைந்த இரவில் நான் கல்மண்டபத்தில் கண்டேன். இரு துறைமுகங்களுக்கும் இடையே பெருங்கடல்கள் கிடக்கின்றன. இங்கிருந்து அங்கே எவரும் சென்று கற்பித்ததில்லை. அங்கிருந்து இங்கே எவரும் வந்து கற்றதும் இல்லை. எனினும், ஒடுக்கப்பட்ட மக்களின் உள்ளம் இரண்டு இடத்திலும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றது.

ஜாஸ் இசையையும் ஒரு காலத்தில் இழிவாகவே பேசினர். அது இரைச்சல் என்றனர். குடியும் சூதும் மலிந்த இடத்தின் ஒலி என்றனர். இன்று பல்கலைக்கழகங்கள் அதனைக் கற்பிக்கின்றன. நாடு அதனைத் தன் செல்வம் என்று போற்றுகின்றது. கானாவின் நிலையும் மாறத் தொடங்கியிருக்கின்றது. திரைப்படங்கள் அதனைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சென்றன. 2018ஆம் ஆண்டு சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில், கானாப் பாடகர்கள் மேனாட்டு இசைக்கருவிகளோடு ஒரு மேடையில் நின்று சமத்துவத்தைப் பாடினர். ஆயிரக்கணக்கானோர் திரண்டு கேட்டனர். மேடை ஏறிய பாட்டு வாழும். மேடை ஏறாமல், துக்க வீட்டோடும் வலை இழுக்கும் கரையோடும் நின்றுவிட்ட பாட்டுகளின் கதி என்ன?

அன்பு மாணவர்களே, ஆம்ஸ்ட்ராங் இல்லத்தில் நான் கற்ற பாடம் இதுவே: காப்பாற்றத் தக்க செல்வம் எது என்பதைப் பிறர் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. தம் வாழ்வின் ஒலி மதிப்புடையது என்று கரி விற்ற அச்சிறுவர் தாமே துணிந்தார்; தம் கையாலேயே அதனைப் பதிவு செய்து பெட்டியில் வைத்தார். அதனால்தான் அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும், கடல் கடந்து வந்த எனக்கு அவர் குரலைக் கேட்கும் பேறு கிடைத்தது. உங்கள் வீட்டில் பாட்டி பாடும் தாலாட்டு, நடவு வயலில் அத்தை பாடும் குலவைப் பாட்டு, தோணியில் சித்தப்பா பாடும் ஏலப் பாட்டு ஆகிய எதுவாயினும், அவரருகே அமர்ந்து கேளுங்கள். சொல் மாறாமல் எழுதுங்கள். பாடியவரின் பெயரையும், ஊரையும், நாளையும் அதன்கீழ்க் குறியுங்கள். இன்று பலர் கையிலும் உள்ள கைப்பேசியிலேயே அக்குரலைப் பதிந்து வைக்கவும் இயலும். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. பாடுபவரிடம் மதிப்பு இருந்தால் போதும்.

மாளிகையின் இசையைக் காக்க மன்னர்கள் இருந்தனர். தெருவின் இசையைக் காக்கத் தெருவின் பிள்ளைகளே முன்வர வேண்டும்.